திரும்பி வரும்போது நாற்காலி இருக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். கெஸ்ட்டா வரவேண்டியவர் ஒருத்தர் இருந்தார். "நீங்களே சொல்லிடுங்கண்ணே, என் பேரு வேண்டாம்"னு சொல்லிட்டார். அதனால அவர் கதையையும், அதுல என் பங்கையும் நானே சொல்றேன். என் பங்கு பெருமையா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. முன்னாடியே சொல்லிடறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர்ப்பக்கம் எதுன்னு இப்போ விளக்கவே வேண்டியதில்ல. 2025-ல ரீல்ஸ்ல கூமாபட்டி, கூமாபட்டின்னு ஒரே பேச்சா இருந்துச்சே, அதே பக்கம்தான். வத்திராயிருப்பு தாண்டி மலையடிவாரம். பிளவக்கல்ல பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. சின்ன வயசுல இருந்தே லீவு விட்டா அங்கதான் போவோம். இந்தப் பொங்கலுக்கு என்கூட வந்தவர், ஒரு காலத்துல என் டீம்ல வேலை பார்த்த தம்பி. அவருக்கும் வத்திராயிருப்புப் பக்கம்தான் ஊர். வயசுல என்னைவிட ரெண்டு வருஷம் சின்னவர். சாஃப்ட்வேர் இன்ஜினியர். கூடவே ராணுவ அதிகாரி.

ரெண்டும் ஒரே ஆள் எப்படின்னு கேப்பீங்க. அதுதான் டெரிட்டோரியல் ஆர்மி. தமிழ்ல பிராந்திய ராணுவம்னு பேப்பர்ல போடுவாங்க. வருஷத்துல பத்து மாசம் லேப்டாப், ரெண்டு மாசம் பூட்ஸ்.

அணைக்கரையில உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். பேச்சுவாக்குல சொன்னார்: "கமிஷனை விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்ணே. ரெண்டையும் இழுக்க முடியல." ஏன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "2024 ரிவ்யூல நீங்க எழுதின வரியை நான் படிச்சேன்ணே."

எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு. நான் எழுதினது இதுதான்: "திறமையானவர். ஆனால் வருடத்தில் இரண்டு மாதம் கிடைக்க மாட்டார். முக்கியப் பொறுப்புகள் தரும்முன் யோசிக்க வேண்டும்."

முதல்ல, டி.ஏ.ன்னா என்ன?

1948-ல பிராந்திய ராணுவச் சட்டம் வந்துச்சு. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி, அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த ராஜாஜி இந்தப் படையை முறைப்படி தொடங்கி வெச்சார். இன்னைக்கும் அக்டோபர் 9-ஐத்தான் டி.ஏ. தினமா கொண்டாடறாங்க.

ஐடியா சிம்பிள். நாட்டுக்கு ஒரு ராணுவம் இருக்கு. அதுக்குத் துணையா, சிவில் வேலையில இருக்கிறவங்களையே கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி கொடுத்து வெச்சுக்கணும். தேவைப்படும்போது கூப்பிடணும், தேவை முடிஞ்சா அவங்க வேலைக்கே திருப்பி அனுப்பணும். 18-ல இருந்து 42 வயசு வரைக்கும் சேரலாம். அதிகாரியா சேரணும்னா டிகிரி வேணும். நம்ம மாநிலத்துல கோயம்புத்தூர்ல 110-வது பட்டாலியன், திருச்சியில 117-வது பட்டாலியன் இருக்கு.

இங்க ஒரு விஷயத்தை கவனிங்க. அதிகாரியா சேர, ஏற்கெனவே சம்பாதிக்கிற ஆளா இருக்கணும்கிறது தகுதியிலேயே ஒண்ணு. ஏன்னா இது முழுநேர வேலை கிடையாது. பயிற்சிக்கோ பணிக்கோ கூப்பிடற நாளுக்கு உங்க ரேங்குக்கு உண்டான ராணுவச் சம்பளம் வரும். மத்த நாளுக்கு உங்க வேலைதான் சோறு போடணும். அப்போ அந்த வேலை போச்சுன்னா? இந்த மொத்த அமைப்பும் நிக்கிறது அந்த வேலை மேலதான். ஆனா அந்த வேலையைக் கையில வெச்சிருக்கிறது ராணுவம் இல்ல, என்னை மாதிரி ஒரு டீம் லீட்.

நமக்கு டி.ஏ.ன்னா ஞாபகம் வர்றது தோனி. 2011-ல கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனார். 2019 உலகக் கோப்பை முடிஞ்சதும் கிரிக்கெட்டை ஓரமா வெச்சுட்டு காஷ்மீர்ல யூனிட்டோட போய் இருந்தார். நாம எல்லாரும் விசில் அடிச்சோம். நானும்தான் ஸ்டேட்டஸ் வெச்சேன். அதையே என் டீம்ல ஒரு பையன் பண்ணினப்போ நான் கேட்ட முதல் கேள்வி, "அப்போ ரிலீஸை யார் பாக்கிறது?"

சட்டம் என்ன சொல்லுது

அணையில இருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த 1948 சட்டத்தை எடுத்துப் படிச்சேன். வெட்கமா இருந்துச்சு. நாலு வருஷம் அந்தப் பையனுக்கு லீடா இருந்திருக்கேன், ஒரு நாள் கூட அதைத் தொட்டதில்ல. முக்கியமானது பிரிவு 7ஏ. அதை நம்ம பாஷையில சொல்றேன்.

ஒண்ணு. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட ஆளுக்குத் தேவையான லீவைக் கொடுப்பது முதலாளியின் கடமை. ராணுவப் பணின்னா போர் மட்டும் இல்ல, பயிற்சிக்குக் கூப்பிடறதும் அதுல அடங்கும். ஆனா லீவு கொடுக்கணும்னுதான் இருக்கு, அந்த நாளுக்குக் கம்பெனி சம்பளம் தரணும்னு அதுல இல்ல.

ரெண்டு. பணி முடிஞ்சு வந்ததும் திரும்ப வேலையில சேர்த்துக்கணும். சும்மா ஏதோ ஒரு மூலையில இல்ல. இடையில போகாமலே இருந்திருந்தா என்ன நிலையில இருந்திருப்பாரோ, அதுக்குக் குறையாத நிலையில. இந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். போன அன்னைக்கு இருந்த நிலை இல்ல, போகாம இருந்திருந்தா இன்னைக்கு எட்டியிருக்கக்கூடிய நிலை.

மூணு. முதலாளி மறுத்தாலோ, முடியாதுன்னு சொன்னாலோ, இதுக்குன்னு நியமிக்கப்பட்ட அதிகாரி கிட்ட ரெண்டு தரப்புல யாரு வேணும்னாலும் போகலாம். அவர் விசாரிச்சு, சேர்த்துக்கோன்னு உத்தரவு போடலாம், இல்ல அதிகபட்சம் ஆறு மாசச் சம்பளம் நஷ்டஈடா கொடுக்கச் சொல்லலாம், இல்ல முதலாளிக்கு விலக்கே கொடுத்துடலாம்.

நாலு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அழைப்பு உத்தரவு வந்த பிறகு வேலையை விட்டு நீக்கினா, கடமையில இருந்து தப்பிக்கத்தான் நீக்கினாங்கன்னு சட்டமே எடுத்துக்கும். இல்லன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி. எழுதினவங்களுக்கு முதலாளிங்களோட தந்திரம் நல்லாவே தெரிஞ்சிருக்கு!

அஞ்சு. பணி முடிஞ்ச ரெண்டு மாசத்துக்குள்ள "என்னைத் திரும்பச் சேர்த்துக்கோங்க"ன்னு நீங்க கேட்கணும். கேட்கலன்னா, முதலாளிக்கு அதுவே தப்பிக்கிற வழி. அடுத்த பிரிவு 7பி, பி.எஃப். மாதிரி நிதிகள்ல இருக்கிற உரிமை இந்த இடைவெளியில அறுந்து போகாம பார்த்துக்குது.

கேக்கவே நல்லா இருக்குல்ல? எழுபது வருஷத்துக்கு மேல பழைய சட்டத்துல இவ்வளவு யோசிச்சிருக்காங்க.

ஓட்டை எங்கே

இப்போ இன்ஜினியர் கண்ணால பார்ப்போம். ஒரு சிஸ்டத்துல விதி என்னங்கிறதைவிட, விதியை மீறினா என்ன ஆகும்ங்கிறதுதான் முக்கியம்.

அதிகாரி போட்ட உத்தரவை முதலாளி மதிக்கலன்னா அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1000 ரூபாய். ராஜபாளையத்துல நாலு பேர் குடும்பத்தோட பரோட்டா சாப்பிட்டா ஆகிற பில்லு. அதோட ஆறு மாசச் சம்பளம். ஒரு கம்பெனிக்கு ஒரு ஆளை அனுப்பிவிட அது பெரிய விலையே இல்ல.

ரெண்டாவது ஓட்டை. சட்டத்துல இருக்கிற வழியெல்லாம் 'திரும்பச் சேர்த்துக்க மாட்டேன்'னு சொல்ற முதலாளிக்கு எதிரான வழி. ஆனா நாம பார்த்த எந்த மேனேஜர் அப்படிச் சொல்லுவார்? சிரிச்சுக்கிட்டே "வெல்கம் பேக்"னு சொல்லுவாங்க. அதே சீட்டு, அதே ஐ.டி. கார்டு. ஆனா நல்ல ப்ராஜெக்ட் வேற ஆள் கிட்ட போயிருக்கும். பிரமோஷன் லிஸ்ட்ல பேர் இருக்காது. 'குறையாத நிலை'ங்கிற வார்த்தையைக் காட்டி வாதாடலாம்தான். ஆனா ரேட்டிங் ஒரு படி குறைஞ்சதுக்கு யார் அதிகாரி கிட்ட போவாங்க?

மூணாவது, இன்டர்வியூ. வேலையில இருக்கிறவருக்குத்தான் 7ஏ. வேலை கேட்டு வர்றவரை "டி.ஏ.வா, அப்போ வேண்டாம்"னு மனசுக்குள்ள தள்ளிவிடறதை அந்தப் பிரிவு தடுக்கல.

நாலாவது ஓட்டை எங்க ஊர்ல இருக்கு. டி.ஏ.ல அதிகாரிகளைவிட சிப்பாய்கள்தான் அதிகம். எங்க பக்கத்துல ஒரு பையன் சிப்பாயா சேர்றான்னு வெச்சுக்கோங்க. அவன் வேலை பாக்கிறது ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லா இருக்கலாம், சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி தறியா இருக்கலாம். கான்ட்ராக்டர் மூலமா வந்த ஆள், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கிடையாது, வாரச் சம்பளம் கையில. அவன் ரெண்டு மாசம் கேம்ப் போயிட்டு வந்து எதைக் காட்டி "இது என் வேலை"ன்னு கேட்பான்? வேலை இருந்துச்சுங்கிறதுக்கே பேப்பர் இல்லாத இடத்துல, வேலைக்குப் பாதுகாப்புங்கிறது வெறும் பேச்சு.

மத்த நாட்டுல எப்படி

நம்ம பாட்காஸ்ட்டை சிங்கப்பூர்ல நிறைய பேர் கேக்கறீங்க. உங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்ல. அங்க நேஷனல் சர்வீஸ் முடிச்ச ஆம்பளைங்க ரிசர்விஸ்ட்டா வருஷத்துக்கு அதிகபட்சம் 40 நாள் வரைக்கும் போகணும். கம்பெனி விட்டே ஆகணும். சம்பள இழப்பை அரசாங்கம் ஈடுகட்டுது. எல்லாரும் போறதால யாரும் யாரையும் ஒரு மாதிரி பாக்கறதில்ல, மேனேஜரே அடுத்த மாசம் போவார். நம்ம ஊர்ல அப்படி இல்ல. ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் டி.ஏ.ல இருந்தாலே அதிசயம். சட்டத்தைத் தாண்டி, தனியா நிக்கிறதே ஒரு கஷ்டம்.

அமெரிக்காவுல 1994-ல யூசெரான்னு ஒரு சட்டம் வந்துச்சு. வேலையில திரும்பச் சேர்க்கிறது மட்டும் இல்ல, வேலைக்கு எடுக்கும்போதும், பிரமோஷன்லயும், ராணுவக் கடமையைக் காரணமா வெச்சு ஒதுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு.

அந்தச் சட்டத்துல ஒரு வழக்கு இருக்கு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. வின்சென்ட் ஸ்டாப்னு ஒருத்தர். இல்லினாய் மாநிலத்துல ப்ராக்டர் ஹாஸ்பிடல்ல ஆஞ்சியோ டெக்னீஷியன், கூடவே ராணுவ ரிசர்வ்ல இருக்கிறவர். மாசத்துல ஒரு வார இறுதி, வருஷத்துல ரெண்டு மூணு வாரம் பயிற்சிக்குப் போகணும். அவரோட மேலதிகாரிங்க ரெண்டு பேருக்கு அது பிடிக்கல. அவர் பேர்ல ஒரு எச்சரிக்கைக் குறிப்பு எழுதினாங்க, அப்புறம் அதை மீறினார்னு ஒரு புகார். 2004-ல வேலை போச்சு.

இதுல விஷயம் என்னன்னா, வேலையை விட்டு நீக்கின எச்.ஆர். அதிகாரிக்கு அவர் ராணுவத்துல இருக்கிறது மேல எந்த வெறுப்பும் இல்ல. ஃபைல்ல இருந்ததைப் பார்த்தார், முடிவு பண்ணினார். அதனால ஹாஸ்பிடல் மேல தப்பு இல்லன்னு வாதம். 2011-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. மேலதிகாரி வெறுப்போட, நீக்கணும்கிற நோக்கத்துல செஞ்ச ஒரு காரியம் நீக்கத்துக்குக் காரணமாயிருந்தா, கையெழுத்துப் போட்டவர் நல்லவரா இருந்தாலும் நிறுவனம் பொறுப்புன்னு சொல்லிடுச்சு.

எனக்குத் தம்பி மேல வெறுப்பு எதுவும் இல்ல. அந்த ரெண்டு மேலதிகாரிகளும் நானும் ஒண்ணு இல்ல. ஆனா ஃபைல் எப்படி வேலை செய்யுதுன்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சது. என் வரி என்னோட நிக்கல. மேனேஜர் படிச்சார். ரேட்டிங் கமிட்டி படிச்சது. யாருக்கும் அவர் முகம் கூடத் தெரியாது, என் வரி மட்டும்தான் தெரியும். பிரமோஷன் போச்சு. அதே வருஷம் அவரும் கம்பெனியை விட்டுப் போனார். "நல்ல ஆஃபர் வந்துச்சுண்ணே"ன்னு அன்னைக்கு என்கிட்ட சொன்னார். நானும் நம்பினேன்.

2025 மே

புதுக் கம்பெனியில சேர்ந்த கொஞ்ச நாள்ல 2025 மே வந்துச்சு. ஆபரேஷன் சிந்தூர் நேரம். டி.ஏ. விதிகள்ல 33-ஆவது விதிப்படி, டி.ஏ. அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்குக் கூப்பிட ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து மத்திய அரசு உத்தரவு போட்டது. இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்ல 14-ஐ அழைக்க அனுமதி. 2028 பிப்ரவரி 9 வரைக்கும் அந்த உத்தரவு செல்லும்.

நியூஸ் வந்த அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் கை குடுத்தாங்களாம். கேக் கூட வெட்டினாங்களாம். மறுநாள் காலையில இருந்து மேனேஜர் ஒரே கேள்வி: "உங்களையும் கூப்பிடுவாங்களா? எத்தனை மாசம்?" அவருக்கு அழைப்பு வரல. ஆனா அந்த வாரத்துல இருந்து புது வேலை எதுவும் அவர் கைக்கு வரல.

"கேக் வெட்டினாங்கண்ணே, வேலைதான் குடுக்கல"ன்னு சொல்லிட்டு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

செய்ய வேண்டியது

டி.ஏ.ல இருக்கிறவங்க, சேர நினைக்கிறவங்க, இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. தம்பி அனுபவத்துல சொன்னதும், நான் படிச்சதும் சேர்த்து.

கேம்ப் தேதி தெரிஞ்ச உடனே மெயில்ல சொல்லுங்க. போன்ல சொன்னது காத்துல போயிடும். அழைப்பு உத்தரவோட காப்பியை மெயில்லயே இணைச்சு அனுப்புங்க.

"இப்போதைக்கு ரிசைன் பண்ணிட்டுப் போங்க, வந்ததும் எடுத்துக்கறோம்"னு அன்பா சொல்லுவாங்க. கையெழுத்துப் போடாதீங்க. நீங்களா எழுதிக் கொடுத்துட்டா, அது ராஜினாமா இல்லன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில வந்து விழும். நீங்க கேட்க வேண்டியது லீவு.

முடிஞ்சு வந்த அன்னைக்கே "பணி முடிந்தது, மீண்டும் சேர வந்திருக்கிறேன்"னு எழுத்துல கொடுங்க. ரெண்டு மாசக் கெடுவை மறக்காதீங்க. பி.எஃப். கணக்கையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

தறியிலயோ மில்லுலயோ இருக்கிற தம்பிங்களுக்கு: சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர், வருகைப் பதிவு போட்டோன்னு எது கிடைச்சாலும் பத்திரமா வெச்சுக்கோங்க. வேலை இருந்ததுக்குச் சாட்சி அதுதான்.

இனி டீம் லீடுகளுக்கு, அதாவது எனக்கு. ஒரு ஆள் ரெண்டு மாசம் இல்லன்னா டீம் விழுதுன்னா, அது அந்த ஆளோட குறை இல்ல. நாம கட்டின சிஸ்டத்தோட குறை. புரொடக்‌ஷன்ல ஒரு சர்வர் போனா எல்லாம் படுத்துடற மாதிரி டிசைன் பண்ணினா நம்மளைத்தான் திட்டுவாங்க, சர்வரை இல்ல. அதுவும் கேம்ப் எப்போன்னு ஓரளவு முன்னாடியே தெரியும். பிரசவ விடுப்பு 26 வாரம்னு 2017-ல சட்டம் ஆனப்போ, எப்படி சமாளிக்கிறதுன்னு கேட்டவங்கதான் நாம. இன்னைக்கு சமாளிக்கலையா? ரிவ்யூ எழுதும்போது அவர் இருந்த பத்து மாசத்துல என்ன செஞ்சார்னு எழுதுங்க. இல்லாத ரெண்டு மாசத்தைப் பத்தி ஒரு வரியும் வேண்டாம்.

கடைசியா

ஊர்ல இருந்து திரும்பி ஒரு வாரம் இருக்கும். தெரியாத நம்பர்ல இருந்து ஒரு போன். தம்பி வேற ஒரு கம்பெனியில அப்ளை பண்ணியிருக்கார், ரெஃபரன்ஸுக்கு என் பேரைக் கொடுத்திருக்கார். நான் அப்படி எழுதினது தெரிஞ்சும் என் பேரைத்தான் கொடுத்திருக்கார்.

எச்.ஆர்.ல ஒரு அம்மா, நல்லாத்தான் பேசினாங்க. வேலை எப்படி, பழக்கவழக்கம் எப்படின்னு கேட்டுட்டு, கடைசியில வந்துச்சு: "சார், அவர் டி.ஏ.ன்னு போட்டிருக்கார். அவைலபிலிட்டி எப்படி?"

நான் சொன்னேன்: "மேடம், நாலு வருஷத்துல அவர் கேம்ப் போறதுக்கு முன்னாடி ஹேண்டோவர் பண்ணாம போனதே இல்ல. அவர் போன ரெண்டு மாசமும் எங்க ரிலீஸ் ஒண்ணு கூட நிக்கல. பிரிவு 7ஏ-ன்னு ஒண்ணு இருக்கு, நேரம் இருந்தா படிங்க. நானும் லேட்டாத்தான் படிச்சேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. "அனுப்பி வைங்க சார்"னு சொன்னாங்க. அனுப்பி வெச்சேன்.

அந்த வேலை கிடைச்சுதா இல்லையான்னு இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ற வரைக்கும் பதில் வரல. கமிஷனை விடறதா வேண்டாமான்னு தம்பியும் இன்னும் முடிவு பண்ணல. அடுத்த கேம்ப்புக்குள்ள சொல்றேன்னார்.

2024-ல நான் எழுதின வரி அந்தப் பழைய கம்பெனி ஃபைல்ல இன்னும் இருக்கும். அதை என்னால அழிக்க முடியாது. இந்த எபிசோடை மட்டும்தான் என்னால செய்ய முடிஞ்சது. உங்க டீம்ல இப்படி ஒருத்தர் இருந்தா, இந்த வருஷ ரிவ்யூ எழுதறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டு எழுதுங்க. நீங்களே டி.ஏ.ல இருந்தா, உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. பேர் போடாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.